காதால் படித்த கணிதம்: பார்வையற்ற மாணவரும் வாசிக்கும் இயந்திரங்களும்

"2 கூட்டல் 6 பை 2" என்று ஒருவர் வாய்விட்டுப் படித்தால் விடை என்ன? 6-ஐ மட்டும் 2-ஆல் வகுத்து 2-ஐக் கூட்டினால் 5. இரண்டையும் கூட்டிய பின் வகுத்தால் 4. தாளைப் பார்ப்பவருக்கு இந்த ஐயம் எழுவதில்லை. பின்னக்கோடு எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்பதைக் கண் ஒரு நொடியில் பிடித்துக்கொள்ளும். காதால் கேட்பவருக்கு அந்தக் கோடு கிடைப்பதில்லை.

பார்வையற்ற மாணவர்களுக்குப் பள்ளி அறிவியலும் கணிதமும் எட்டாமல் போனதற்குப் பெரும் காரணம் இந்தச் சிறிய கோடுதான். கதையும் வரலாறும் பிரெயிலிலும் ஒலிப்பதிவிலும் அவர்களிடம் முன்னதாகவே வந்து சேர்ந்தன. சமன்பாடு, வரைபடம், மின்சுற்றுப் படம், வேதி அமைப்பு ஆகியவை கடைசியில்தான் வந்தன. இன்று செயற்கை நுண்ணறிவு இந்த இடைவெளியை நிரப்பும் என்று பேசப்படுகிறது. அதற்கு முன் இந்த இடைவெளியை அடைக்க முயன்ற கருவிகளின் வரலாறு ஏறத்தாழ 300 ஆண்டுகள் நீளமுடையது. பாடத்தை மாணவரே தடவியும் தேடியும் படிக்க வழிசெய்வதா, அவருக்காக வேறொருவர் அல்லது வேறொன்று படித்துச் சொல்வதா என்ற கேள்வி அந்த வரலாறு முழுவதும் மீண்டும் மீண்டும் எழுகிறது.

விரல் நுனியில் எண்கள்

இங்கிலாந்தைச் சேர்ந்த நிக்கோலஸ் சாண்டர்சன் 1682-இல் பிறந்தார். ஒரு வயதளவில் அம்மை நோயால் பார்வையை இழந்தார். பிறர் படிக்கக் கேட்டே கணிதம் கற்றார். 1711-இல் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தின் லூக்காசியப் பேராசிரியரானார். அதற்குச் சில ஆண்டுகள் முன்புவரை ஐசக் நியூட்டன் வகித்த பதவி அது. பார்வையில்லாத ஒருவர் ஒளியியல் குறித்து விரிவுரை நிகழ்த்தியதைக் கேட்க மாணவர்கள் திரண்டனர்.

கணக்கிடுவதற்காகச் சாண்டர்சன் ஒரு பலகையைச் செய்துகொண்டார். துளைகளில் ஊசிகளைக் குத்தி, ஊசியின் இடத்தையும் தலையின் அளவையும் கொண்டு எண்ணை அறியும் முறை அது. நூல் கட்டி வடிவியல் உருவங்களையும் அதில் அமைக்க முடிந்தது. போட்ட கணக்கை விரலால் திரும்பத் தடவிச் சரிபார்க்க முடிந்தது அதன் சிறப்பு.

பின்னர் 19ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்தின் வில்லியம் டெய்லர் உருவாக்கிய கணக்குச் சட்டம் பார்வையற்றோர் பள்ளிகளில் பரவியது. நட்சத்திர வடிவிலான துளைகள் கொண்ட சட்டம் அது. ஒரு முனையில் மேடும் மறுமுனையில் இரண்டு புள்ளிகளும் உள்ள உலோகக் கட்டையைத் துளைக்குள் 8 திசைகளில் பொருத்தலாம். இரு முனைகளுக்கும் சேர்த்து 16 குறிகள் கிடைக்கும். 10 எண்களுக்கும் கூட்டல், கழித்தல் முதலிய குறிகளுக்கும் அது போதும். இந்தியப் பார்வையற்றோர் பள்ளிகளில் 'டெய்லர் ஃபிரேம்' என்ற பெயரில் இது நெடுங்காலமாகப் புழக்கத்தில் உள்ளது.

ஆறு புள்ளிகளும் ஒரு வரியும்

பார்வையற்றோருக்கான முதல் பள்ளியை வாலன்டின் ஆய் 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் பாரிசில் தொடங்கினார். அப்பள்ளியில் படித்த லூயி பிரெயில் தம் 15ஆம் வயதில், 1824-இல், ஆறு புள்ளி எழுத்துமுறையை வகுத்தார். 1829-இல் அதை நூலாக வெளியிட்டார். ஆறு புள்ளிகளை வெவ்வேறு விதமாக எழுப்பினால் 63 வடிவங்கள் கிடைக்கின்றன. எந்த மொழியின் எழுத்துகளையும் அவற்றுக்குள் அடக்கிவிடலாம்.

இந்தியாவில் அமிர்தசரசில் 1887-இலும் பாளையங்கோட்டையில் 1890-இலும் பார்வையற்றோர் பள்ளிகள் தோன்றின. பாளையங்கோட்டைப் பள்ளியைத் தொடங்கியவர் ஆஸ்க்வித் என்ற கிறித்தவ ஊழியர். தொடக்கத்தில் இந்திய மொழிகளுக்குப் பல பிரெயில் முறைகள் தனித்தனியே இருந்தன. 1951-இல் பாரதி பிரெயில் என்ற பொதுமுறை ஏற்கப்பட்டது. தமிழ்ப் பிரெயிலும் அதில் அடங்கும். 'க' என்ற ஒலிக்குத் தமிழிலும் இந்தியிலும் ஒரே புள்ளி வடிவம் என்பதால் ஆசிரியர்களுக்கும் அச்சகங்களுக்கும் வேலை எளிதாயிற்று.

கணிதத்துக்கு அந்த எளிமை வாய்க்கவில்லை. அச்சில் கணிதம் மேலும் கீழுமாக எழுதப்படுகிறது. அடுக்கு மேலே ஏறி நிற்கிறது, கீழ்க்குறி தாழ்ந்து நிற்கிறது, பின்னம் இரண்டு அடுக்காகிறது, வர்க்கமூலக் குறி ஒரு கூரைபோல் உறுப்புகளை மூடுகிறது. பிரெயிலோ இடமிருந்து வலமாக ஓடும் ஒற்றை வரி. மேலும் பிரெயிலில் எண்களுக்குத் தனி வடிவம் கிடையாது. எண் குறி ஒன்றை முன்னே இட்டு, ஆங்கில எழுத்து வரிசையின் முதல் பத்து எழுத்துகளையே எண்களாகப் படிக்க வேண்டும். எழுத்தும் எண்ணும் அடுத்தடுத்து வரும் இயற்கணிதத்தில் இது பெரிய இடர்ப்பாடு.

நெமெத் குறிமுறை

இந்த இடர்ப்பாட்டைத் தீர்த்தவர்களுள் முதன்மையானவர் ஆபிரகாம் நெமெத். 1918-இல் நியூயார்க்கில் பிறவியிலேயே பார்வையின்றிப் பிறந்தார். கணிதம் படிக்க விரும்பினார். பார்வையற்றவருக்குக் கணிதத்தில் எதிர்காலமில்லை என்று வழிகாட்டிகள் தடுத்ததால் உளவியல் படித்து, கொலம்பியா பல்கலைக்கழகத்தில் முதுகலைப் பட்டம் பெற்றார். அந்தப் படிப்புக்கேற்ற வேலை அவருக்குக் கிடைக்கவில்லை. வேலையில்லாத உளவியலாளராக இருப்பதைவிட வேலையில்லாத கணிதவியலாளராக இருக்கலாமே என்ற பொருளில் அவருடைய மனைவி ஃபுளோரன்ஸ் கேட்டதாக நெமெத் பின்னாளில் நினைவுகூர்ந்தார். அவர் கணிதத்துக்குத் திரும்பினார்.

உயர்கணிதம் படிக்கத் தேவையான பிரெயில் குறிகள் அப்போது இல்லை. தம் பயன்பாட்டுக்காக அவரே ஒரு முறையை வகுத்துக்கொண்டார். அதில் எண்கள் பிரெயில் கட்டத்தின் கீழ்ப்பகுதிக்கு இறக்கப்பட்டன. எனவே எண்ணையும் எழுத்தையும் விரல் குழப்பிக்கொள்ளாது. பின்னம் தொடங்குமிடத்துக்கு ஒரு குறி, முடியுமிடத்துக்கு ஒரு குறி என்று வைத்தார். தொடக்கத்தில் கண்ட "2 கூட்டல் 6 பை 2" என்ற ஐயத்துக்கு இந்த முறையில் இடமில்லை. 1952-இல் அமெரிக்காவில் ஏற்கப்பட்ட இம்முறை நெமெத் குறிமுறை எனப்பட்டது.

நெமெத் 1955 முதல் டெட்ராய்ட் பல்கலைக்கழகத்தில் 30 ஆண்டுகள் கணிதம் கற்பித்தார். பிறர் தமக்குப் பாடம் படித்துச் சொல்லும்போது பிழை நேராதிருக்க, சமன்பாட்டை எப்படி உச்சரிக்க வேண்டும் என்றும் விதிகள் வகுத்தார். "பின்னம் தொடக்கம்", "பின்னம் முடிவு" என்று சொல்லியே படிக்க வேண்டும் என்பது அவற்றுள் ஒன்று. பின்னாளில் கணினிக்குக் கணிதம் வாசிக்கக் கற்றுக்கொடுத்தவர்களுக்கு அந்த விதிகள் வழிகாட்டின.

எனினும் பிரெயில் புத்தகம் தானாக உருவாவதில்லை. குறிமுறை தெரிந்த ஒருவர் ஒவ்வொரு பக்கத்தையும் பெயர்த்தெழுத வேண்டும். கதைப் புத்தகத்தைப் பெயர்க்க ஆளுண்டு. வேதியியல் புத்தகத்துக்கு வேதியியலும் பிரெயிலும் ஒருங்கே அறிந்தவர் வேண்டும். ஆண்டுத் தொடக்கத்தில் வகுப்புத் தோழர்கள் கையில் இருக்கும் புத்தகம், பார்வையற்ற மாணவருக்கு மாதங்கள் கழித்து வந்தது, அல்லது வராமலே போனது. அச்சிட்ட தாளையே நேராகப் படிக்கும் இயந்திரத்துக்கான தேடல் இங்கிருந்து வலுப்பெற்றது.

காட்டும் இயந்திரமும் சொல்லும் இயந்திரமும்

ஃபூர்னியே டால்ப் என்ற இயற்பியலர் இங்கிலாந்தின் பர்மிங்காமில் 1913-ஐ ஒட்டி ஆப்டோபோன் என்ற கருவியை உருவாக்கினார். ஒளிபட்டால் மின்தடை மாறும் செலீனியத்தைக் கொண்டு, அச்செழுத்தின் கருமையை இசை ஒலியாக மாற்றியது அது. ஒவ்வொரு எழுத்துக்கும் தனித்த ஒலிக்கோவை எழும். பயிற்சி பெற்றவர்கள் அதைக் கேட்டுப் படித்தார்கள். ஆனால் வேகம் மிகக் குறைவு, பயிற்சி மிகக் கடினம்.

1960களில் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் மின்பொறியியல் பேராசிரியர் ஜான் லின்வில், பார்வையற்ற தம் மகள் கேண்டிக்காக ஒரு கருவியை நினைத்தார். ஜேம்ஸ் பிளிஸ் என்ற ஆய்வாளருடன் சேர்ந்து அதை உருவாக்கினார். ஆப்டகான் எனப்பட்ட அக்கருவி 1970களின் தொடக்கத்தில் விற்பனைக்கு வந்தது. ஒரு கையால் சிறு ஒளிப்படக் கருவியைத் தாளின்மேல் நகர்த்த வேண்டும். மறுகையின் சுட்டுவிரலுக்கு அடியில் 6 வரிசைகளில் 24 வீதம் 144 ஊசிகள் அதிரும். எழுத்தின் வடிவம் அப்படியே விரலில் பதியும். கேண்டி லின்வில் பின்னர் ஸ்டான்ஃபோர்டிலேயே உளவியலில் முனைவர் பட்டம் பெற்றார்.

ஆப்டகானுக்கு எழுத்தும் தெரியாது, மொழியும் தெரியாது. அது வடிவத்தைக் காட்டியது, படித்தவர் மாணவர். அதனால்தான் கணிதக் குறியையும் கிரேக்க எழுத்தையும் வரைபடத்தின் கோட்டையும்கூட அதனால் காட்ட முடிந்தது. விலை அதிகம், கற்கக் காலம் பிடிக்கும் என்பவை அதன் குறைகள். 1990களில் அதன் உற்பத்தி நின்றபோது அறிவியல் துறைகளில் இருந்த பயனாளர்கள் பலர் வருந்தினர்.

மற்றொரு பாதையை ரே கர்ஸ்வைல் திறந்தார். அவர் உருவாக்கிய வாசிப்பு இயந்திரம் 1976 சனவரி 13 அன்று அமெரிக்கப் பார்வையற்றோர் தேசியக் கூட்டமைப்பின் துணையுடன் வெளியிடப்பட்டது. தாளை வருடிப் படமாக்குவது, எந்த எழுத்துருவில் இருந்தாலும் எழுத்தை அடையாளம் காண்பது, அதைக் குரலாக்குவது என்ற மூன்று வேலைகளை அது ஒன்றாக்கியது. வடிவங்களை இனங்காணக் கணினிக்குக் கற்பிப்பது செயற்கை நுண்ணறிவின் தொடக்ககால இலக்குகளுள் ஒன்று. அந்த ஆய்வின் பயன் பார்வையற்றோர் கையில் நேரடியாகச் சேர்ந்த முதல் பெரும் நிகழ்வு இது. இசைக்கலைஞர் ஸ்டீவி வொண்டர் அதன் முதல் வாடிக்கையாளர்களுள் ஒருவர்.

கர்ஸ்வைல் இயந்திரம் பத்திகளைச் சரளமாகப் படித்தது. சமன்பாட்டைக் கண்டால் தடுமாறியது. வரியாக அமைந்த எழுத்தைப் படிக்கக் கற்ற இயந்திரம் மேலும் கீழும் ஏறி இறங்கும் குறிகளைப் பொருளற்ற எழுத்துக் கூட்டமாக வாசித்தது. படத்தைக் கண்டால் மௌனமானது. இலக்கியமும் சட்டமும் படிக்க விரும்பியவர்களுக்கு வழி அகன்றது. அறிவியல் படிக்க விரும்பியவர்கள் முன்போலவே பின்தங்கினர்.

ஆஸ்டர்: சமன்பாட்டுக்குள் நடப்பது

இந்த நிலையை மாற்றிய முக்கியமான பணியைச் செய்தவர் டி. வி. ராமன். புனேயில் பிறந்த இவர் 14 வயதில் கண் அழுத்த நோயால் பார்வையை முழுமையாக இழந்தார். புனேயில் கணிதப் பட்டமும் மும்பை ஐ.ஐ.டி.யில் முதுகலையும் முடித்து, அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தில் ஆய்வு மாணவரானார். டேவிட் கிரீஸ் என்ற கணினி அறிவியலாளரின் வழிகாட்டலில் அவர் 1994-இல் முடித்த ஆய்வேடு, அவ்வாண்டின் சிறந்த கணினி ஆய்வேட்டுக்கான ஏ.சி.எம். விருதைப் பெற்றது. அதில் அவர் உருவாக்கிய மென்பொருளின் பெயர் ஆஸ்டர். ராமனின் வழிகாட்டி நாய்க்கும் அதே பெயர்.

டொனால்டு நூத் 1970களின் இறுதியில் உருவாக்கிய டெக் என்ற அச்சுக்கோப்பு மொழியும் அதன் வழிவந்த லாடெக்கும் ராமனுக்கு வாய்ப்பாயின. இவற்றில் எழுதப்படும் சமன்பாட்டின் கோப்பில், எது தொகுதி, எது பகுதி, எது அடுக்கு என்பது சொல்லாகவே பதிவாகியிருக்கும். அச்சான தாளிலிருந்து ஊகிக்க வேண்டியதில்லை. ஆஸ்டர் அந்தக் கோப்பைப் படித்துச் சமன்பாட்டை ஒரு மரம்போலக் கிளைகளாகப் பிரித்துக்கொண்டது. அடுக்குக்குறியை உயர்ந்த சுருதியிலும் கீழ்க்குறியைத் தாழ்ந்த சுருதியிலும் ஒலித்தது. கண்ணுக்கு இடம் செய்யும் வேலையைக் காதுக்குச் சுருதி செய்தது.

அதைவிட முக்கியமானது, கேட்பவர் உள்ளே நடமாட முடிந்தது. நீண்ட சமன்பாட்டை ஒரே மூச்சில் படித்தால் முடிவு வருமுன் தொடக்கம் மறந்துவிடும். ஆஸ்டர் முதலில் மேலோட்டமான வடிவத்தைச் சொல்லும். சிக்கலான உறுப்புக்குத் தற்காலிகமாக ஒரு பெயர் வைத்துக் கடந்துபோகும். வேண்டுமென்றால் கேட்பவர் அந்த உறுப்புக்குள் இறங்கி, அதன் தொகுதியை மட்டும் கேட்டு, மீண்டும் மேலே வரலாம். பார்வையுள்ளவர் சமன்பாட்டை இப்படித்தான் படிக்கிறார்: முதலில் முழுமையை நோக்கி, பிறகு தேவையான இடத்துக்குக் கண்ணைக் கொண்டுபோகிறார். அந்தச் சுதந்திரத்தை ஆஸ்டர் காதுக்குத் தந்தது.

படமாகிப்போன சமன்பாடு

1990களில் இணையம் பரவியபோது பழைய தடை புதிய உருவில் வந்தது. இணையப் பக்கங்களில் சமன்பாட்டை எழுத வழியில்லாததால் அதைப் படமாக ஒட்டினார்கள். திரைவாசிப்பான் அந்த இடத்தில் "படம்" என்று மட்டும் சொல்லிவிட்டு நகர்ந்தது. இதற்குத் தீர்வாக உலகளாவிய வலைச் சேர்த்தியம் 1998-இல் மேத்எம்எல் என்ற கணிதக் குறிமொழியைத் தரமாக வெளியிட்டது. ஆஸ்டர் பயன்படுத்திய அதே கருத்துதான் அதற்கும் அடிப்படை: சமன்பாட்டின் தோற்றத்தோடு அதன் அமைப்பையும் பதிவு செய்ய வேண்டும்.

ஏற்கெனவே அச்சிட்ட புத்தகங்களுக்கு வேறு வழி தேவைப்பட்டது. ஜப்பானின் கியூஷு பல்கலைக்கழகத்தில் மசகாசு சுசுகியின் குழு, வருடிய பக்கத்திலிருந்து சமன்பாடுகளை இனங்கண்டு லாடெக்காகவும் மேத்எம்எல்லாகவும் மாற்றும் இன்ஃப்டி ரீடர் என்ற மென்பொருளை உருவாக்கியது. 2006-இல் ஆஸ்திரேலியாவின் மைக்கேல் கரன் தொடங்கிய என்விடிஏ என்ற இலவசத் திரைவாசிப்பான், விலைகொடுத்து மென்பொருள் வாங்க முடியாத நாடுகளின் மாணவர்களுக்குப் பெருந்துணையானது. துணை மென்பொருள்கள் சேர்ந்தபின் மேத்எம்எல் சமன்பாடுகளையும் அதனால் படிக்க முடிந்தது.

தமிழில் நிலை

தமிழ்வழி மாணவருக்கு இந்தப் பாதையில் கூடுதலாக ஒரு தடை இருந்தது. பல ஆண்டுகள் தமிழ்க் கோப்புகள் வெவ்வேறு எழுத்துருக் குறியேற்றங்களில் தட்டச்சு செய்யப்பட்டன. திரையில் தமிழாகத் தோன்றும் பக்கத்தின் உள்ளே இருந்தவை ஆங்கில எழுத்துகளும் குறிகளும். திரைவாசிப்பான் அவற்றை அப்படியே பொருளற்ற ஆங்கில ஒலிகளாக வாசித்தது. கண்ணுள்ளவருக்குக் குறை எதுவும் தெரியாத கோப்பு, பார்வையற்றவருக்கு வெற்றுத் தாளாக இருந்தது. ஒருங்குறி பரவியதும், 2010-இல் தமிழ்நாடு அரசு அதைத் தரமாக ஏற்றதும் இந்தத் தடையைத் தளர்த்தின.

தமிழ் எழுத்துணரி, தமிழ்ப் பேச்சொலி ஆகியவற்றில் பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தின் ஏ. ஜி. இராமகிருஷ்ணன் குழு நீண்ட காலம் உழைத்தது. அங்கு உருவான தமிழ் எழுத்துணரி, சென்னையில் அச்சுப் புத்தகங்களைப் பிரெயிலாக மாற்றும் பணியில் பயன்படுத்தப்பட்டது. சென்னை ஐ.ஐ.டி.யில் ஹேமா மூர்த்தி முன்னின்ற கூட்டு முயற்சி தமிழ் உட்பட இந்திய மொழிகளுக்கான பேச்சொலி மென்பொருள்களை உருவாக்கியது. தமிழ் உரையைக் கணினி படிப்பது இன்று இயல்பாகிவிட்டது. தமிழ்ச் சொற்களுக்கு நடுவே வரும் சமன்பாட்டைத் தமிழ்க் கணித வழக்கில் சரியாகச் சொல்வது இன்னும் அந்த அளவுக்கு வளரவில்லை.

வகுப்பறையின் வாசலில்

கருவிகள் வளர்ந்துகொண்டிருந்த காலத்திலேயே பள்ளி விதிகள் வேறு திசையில் இருந்தன. 10ஆம் வகுப்பில் பார்வையற்ற மாணவர் கணிதத்துக்கும் அறிவியலுக்கும் பதிலாக வேறு பாடம் எடுக்கலாம் என்பது மத்திய இடைநிலைக் கல்வி வாரியத்தின் சலுகைகளுள் ஒன்று. உதவும் எண்ணத்தில் பிறந்த சலுகை அது. ஆனால் 10ஆம் வகுப்பில் அறிவியலை விட்டவர் 11ஆம் வகுப்பில் அறிவியல் பிரிவில் சேர இயலாது. சேர விரும்பியவர்களையும் சோதனைக்கூடத்தையும் படங்களையும் காரணம் காட்டித் தடுத்தார்கள்.

ஆந்திரத்தின் மசூலிப்பட்டினம் அருகே பிறந்த ஸ்ரீகாந்த் பொல்லா 10ஆம் வகுப்பில் சிறந்த மதிப்பெண் பெற்றும் அறிவியல் பிரிவு அவருக்கு மறுக்கப்பட்டது. அவர் வழக்குத் தொடுத்து அனுமதி பெற்றார். பாடநூல்களை ஒலிப்பதிவாக்கிக் கேட்டுப் படித்து 12ஆம் வகுப்பில் 98 விழுக்காடு பெற்றார். பின்னர் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் படித்துத் திரும்பித் தொழில் நிறுவனம் தொடங்கினார். டெல்லியைச் சேர்ந்த கார்த்திக் சாஹ்னியும் வாரியத்திடம் பலமுறை முறையிட்ட பிறகே அறிவியல் பிரிவில் படிக்க முடிந்தது. 2013-இல் 12ஆம் வகுப்பில் 96 விழுக்காடு பெற்று, ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் கணினி அறிவியல் படித்தார். ஆவணங்களைப் பார்வையற்றோர் படிக்கும் வடிவுக்குச் செயற்கை நுண்ணறிவின் துணையால் மாற்றும் ஐ-ஸ்டெம் என்ற அமைப்பின் நிறுவனர்களுள் அவரும் ஒருவர்.

இவர்கள் வென்ற பிறகு பாராட்டப்பட்டார்கள். வழக்குத் தொடுக்கவும் முறையிடவும் வசதியோ துணையோ இல்லாத மாணவர்கள் எத்தனை பேர் வேறு பாடத்துக்குத் திருப்பிவிடப்பட்டார்கள் என்பதற்கு யாரும் கணக்கு வைக்கவில்லை.

சட்டங்கள் மெல்ல மாறின. 2012-இல் திருத்தப்பட்ட இந்தியப் பதிப்புரிமைச் சட்டம், மாற்றுத்திறனாளிகள் படிக்கும் வடிவில் நூல்களை மாற்ற அனுமதித்தது. 2013-இல் உருவான மராக்கெஷ் ஒப்பந்தத்தை முதலில் ஏற்புறுதி செய்த நாடு இந்தியா. 2016-இல் சுகம்ய புஸ்தகாலய என்ற இணைய நூலகம் திறக்கப்பட்டது. அதே ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம், உள்ளடக்கிய கல்வியை அரசின் கடமையாக்கியது.

தடவிப் பார்க்கும் படமும் பேசும் ஆய்வகமும்

சமன்பாட்டுக்கு வழி பிறந்தபோதும் படம் எஞ்சி நின்றது. இதயத்தின் குறுக்குவெட்டையோ ஒளிவிலகலையோ சொற்களால் மட்டும் விளக்குவது கடினம். டெல்லி ஐ.ஐ.டி.யில் எம். பாலகிருஷ்ணன் முன்னின்ற குழு, பள்ளிப் பாடநூல் படங்களைத் தொட்டறியும் புடைப்புப் படங்களாக ஆக்கும் முறையை வளர்த்தது. கண்ணுக்கான படத்தை அப்படியே புடைப்பாக்கினால் விரலுக்கு அது கோடுகளின் குவியலாகவே படும். எதை விடுவது, எதைப் பெரிதாக்குவது, எதைத் தனிப்படமாகப் பிரிப்பது என்று முடிவுசெய்ய வேண்டும். அதற்குப் பாடம் தெரிந்தவரும் பார்வையற்ற வாசகரும் ஒன்றாக உட்கார வேண்டும்.

ஆய்வகத்திலும் இதே அனுபவம் கிட்டியது. பார்வையற்ற வேதியியலர் கேரி சுபாலோ, வெப்பநிலையையும் அமிலத்தன்மையையும் குரலில் சொல்லும் ஆய்வகக் கருவிகளை உருவாக்குவதில் பங்கேற்றார். பியூர்ட்டோ ரிக்கோவைச் சேர்ந்த வானியலாளர் வாண்டா டியாஸ் மெர்செட் பார்வையை இழந்தபின் விண்வெளித் தரவுகளை ஒலியாக மாற்றிக் கேட்டு ஆராய்ந்தார். டச்சு நாட்டில் பிறந்த உயிரியலர் ஹேராட் வெர்மேய் சிப்பிகளை விரலால் தடவியே அவற்றின் பரிணாமத்தை ஆராய்ந்து புகழ்பெற்றார். கண்ணில்லாமல் அறிவியல் செய்ய இயலாது என்ற எண்ணத்தை இவர்களுடைய பணியே பொய்யாக்குகிறது.

செயற்கை நுண்ணறிவு வந்த பின்

2012-க்குப் பிறகு ஆழ்கற்றல் முறையில் கணினி படங்களை இனங்காணும் திறன் வேகமாக வளர்ந்தது. 2017-இல் மைக்ரோசாஃப்ட் நிறுவனம் சீயிங் ஏஐ என்ற கைப்பேசிச் செயலியை வெளியிட்டது. அதை முன்னின்று உருவாக்கிய சாகிப் ஷேக் பார்வையற்ற பொறியாளர். எதிரே இருக்கும் எழுத்தையும் பொருளையும் அது குரலில் சொன்னது. டென்மார்க்கில் தோன்றிய பி மை ஐஸ் என்ற சேவை, 2015 முதல் காணொளி அழைப்பு வழியாகப் பார்வையுள்ள தன்னார்வலர்களின் உதவியைத் தந்துவந்தது. 2023-இல் அது ஜிபிடி-4 மொழி மாதிரியைத் தன் சேவையில் சேர்த்தது. படத்தை எடுத்து அனுப்பினால் விளக்கம் வருகிறது. அதன்மீது மேலும் கேள்வி கேட்கலாம். அறிவியல் கட்டுரைகளின் பக்கப் படத்திலிருந்து சமன்பாடுகளை லாடெக்காக மீட்கும் மாதிரிகளும் இக்காலத்தில் வந்தன. ஆய்வுக்கட்டுரைத் தளமான ஆர்க்கைவ், திரைவாசிப்பான் பயனாளர்களை மனத்தில் கொண்டு 2023 இறுதியில் தன் கட்டுரைகளை இணையப் பக்க வடிவிலும் தரத் தொடங்கியது.

பள்ளி மாணவருக்கு இதனால் விளையும் பயன் கண்கூடு. பாடநூலின் வரைபடத்தைப் பற்றிக் கேட்க அண்ணனோ அக்காளோ வீட்டுக்கு வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. ஒரே கேள்வியைப் பத்து முறை கேட்டாலும் இயந்திரம் சலித்துக்கொள்வதில்லை. பெயர்த்தெழுத ஆளில்லாமல் மாதக்கணக்கில் தேங்கிய புத்தகத்தைக் குறைந்த காலத்தில் முதல் வரைவாக மாற்றிவிடலாம்.

இடரும் இதே இடத்தில் இருக்கிறது. ஆப்டகான் வடிவத்தைக் காட்டியது, அதற்குத் தவறாகப் பொருள்கொள்ளத் தெரியாது. கர்ஸ்வைல் இயந்திரம் சமன்பாட்டில் தடுமாறியபோது அந்தத் தடுமாற்றம் காதுக்கே கேட்டது. இன்றைய மொழி மாதிரி தவறாகச் சொல்லும்போதும் சரளமாகச் சொல்கிறது. 6 ஓம் மின்தடைகள் இரண்டு கொண்ட சுற்றுப் படத்தை எடுத்துக்கொள்ளலாம். தொடரிணைப்பு என்றால் மொத்த மின்தடை 12 ஓம், பக்க இணைப்பு என்றால் 3 ஓம். இயந்திரம் ஒன்றை மற்றொன்றாகச் சொல்லிவிட்டால், அதன்பின் மாணவர் போடும் கணக்கு முழுவதும் பிழையின்றி நடந்தும் விடை தவறாகும். பார்வையுள்ள மாணவர் படத்தை நோக்கிப் பிழையைப் பிடித்துவிடுவார். பார்வையற்ற மாணவரின் விடைத்தாளிலோ அது அவருடைய அறியாமையாகவே பதிவாகும்.

இதைத் தவிர்க்கும் வழியை முந்தைய கருவிகளே காட்டுகின்றன. சாண்டர்சனின் பலகை, நெமெத்தின் குறிமுறை, ராமனின் ஆஸ்டர் ஆகிய மூன்றுக்கும் பொதுவான பண்பு, திரும்பிப் போய்ச் சரிபார்க்கும் வசதி. மூன்றையும் உருவாக்கியவர்கள் பார்வையற்றவர்களே என்பதும் கவனிக்கத்தக்கது. செயற்கை நுண்ணறிவு தரும் சமன்பாடு ஒரு வாக்கியமாக மட்டும் வராமல், உள்ளே நடமாடக்கூடிய மேத்எம்எல்லாகவோ விரல் படிக்கும் பிரெயிலாகவோ வந்தால் மாணவர் அதைத் தாமே ஆராயலாம். படத்தின் விளக்கத்தோடு புடைப்புப் படமும் கிடைத்தால் ஒன்றைக் கொண்டு மற்றொன்றைச் சோதிக்கலாம். பாடநூல் வெளியிடுவோர் தொடக்கத்திலேயே ஒருங்குறியிலும் மேத்எம்எல்லிலும் நூலை அமைத்தால், இயந்திரம் ஊகிக்க வேண்டிய தேவையே பெருமளவு குறைந்துவிடும். இவற்றுக்குப் புதிய கண்டுபிடிப்பு எதுவும் தேவையில்லை. மேத்எம்எல் 1998-இலிருந்தே இருக்கிறது.

மிச்சமுள்ள தடை

நெமெத்தை 1930களில் கணிதத்திலிருந்து விலக்கியது குறிமுறை இல்லாத குறை மட்டுமன்று. பார்வையற்றவருக்கு இது ஒத்துவராது என்ற ஒரு தீர்ப்பும் சேர்ந்தே அவரை விலக்கியது. ஸ்ரீகாந்த் பொல்லாவை அறிவியல் பிரிவின் வாசலில் நிறுத்தியதும் அதே தீர்ப்புத்தான். அதற்குள் நெமெத் குறிமுறைக்கு அரை நூற்றாண்டு வயதாகியிருந்தது. ஆஸ்டர் வந்து பத்தாண்டுகள் கடந்திருந்தன. கருவி வந்த வேகத்தில் பள்ளியின் எண்ணம் மாறவில்லை.

கைப்பேசிச் செயலி ஒன்று பாடநூலின் எல்லாப் பக்கங்களையும் பிழையின்றிப் படித்துக்காட்டும் காலம் வரலாம். அப்போதும் பார்வையற்ற மாணவர் ஒருவர் 11ஆம் வகுப்பில் இயற்பியல் கேட்டால், விண்ணப்பத்தை வாங்கிக்கொண்டு வகுப்பில் இடம் காட்டுவதற்கு ஒரு தலைமையாசிரியர் வேண்டும். ஆய்வகத்தில் அவருக்கு இணையாக நின்று செய்முறை கற்றுத்தர ஓர் ஆசிரியர் வேண்டும். அந்த இரண்டையும் எந்த இயந்திரமும் தர முடியாது.